வால்-ஈரல்

சபர்காலி தவ்லெத்-உலி பெக்தெனோவ் (1954–2019). கராசோர் ரயில் நிலையத் தானியக் கிடங்கில் முப்பத்தோரு ஆண்டுகள் எடைமேடைப் பொறுப்பாளராக இருந்தவர். மனைவி குல்ஜமால். ஒரே மகள் மென்சுலு.

எடைமேடையின் வேலை எளிது. கோதுமை ஏற்றிய லாரி மேடையில் ஏறும், ஓர் எடை. கொட்டிவிட்டு வெறும் வண்டியாக மீண்டும் ஏறும், இன்னோர் எடை. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் கோதுமை. அறுவடைக் காலத்தில் நாளொன்றுக்கு இருநூறு லாரிகள்கூட வருவதுண்டு. ஓட்டுநர்கள் மழையைத் திட்டுவார்கள், சாலையைத் திட்டுவார்கள், கிடங்கு மேலாளரைத் திட்டுவார்கள். சபர்காலி எழுதிய எண்ணை மட்டும் எவரும் திட்டியதில்லை. "சபெகே எழுதினா எழுதினதுதான்" என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார்கள். பெயரைச் சுருக்கி மரியாதையோடு அழைக்கும் அந்தச் 'சபெகே' அவருக்கு நாற்பது வயதுக்கு முன்பே கிடைத்துவிட்டது.

அப்படிப்பட்டவருடைய சொந்த உடம்பின் எடைதான் எந்தக் கழித்தலுக்கும் உட்படாமல் போயிற்று.

1997ஆம் ஆண்டு வசந்தப் பெருநாளில் எட்டு வீடுகளில் விருந்துண்டார். எந்த வீட்டுக் கிண்ணத்தில் கோளாறு இருந்ததோ தெரியாது. பத்து நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தார். பதினோராம் நாள் எழுந்து வேலைக்குப் போனார். காய்ச்சல் நின்றது, பலம் திரும்பியது. குடல் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எதை உண்டாலும் அரைமணி நேரத்தில் வயிறு முரசுபோல் இறுகும். இடப்பக்கம் முறுக்கி இழுக்கும். சில நாள் ஆறு முறை வெளியே ஓட வேண்டும். சில நாள் ஒரு முறையும் போகாது. காலையில் இடுப்பில் தொளதொளவென்று நின்ற கால்சட்டை மாலையில் பொத்தான் பூட்ட முடியாமல் நிற்கும். அளக்கத் தெரிந்தவராதலால் அதையும் அளந்தார்: காலை ஆறு மணிக்கு எண்பத்தோரு சென்டிமீட்டர், மாலை ஆறு மணிக்குத் தொண்ணூற்று நான்கு. இடைவாரை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுத் தோள்வார் போட்டுக்கொண்டார்.

வட்டார மருத்துவமனையில் அவரைப் பார்த்தவர் லிதியா கார்லொவ்னா என்னும் ஜெர்மானியப் பெண் மருத்துவர். எல்லாச் சோதனைகளும் முடிந்த பின் காகிதங்களை அடுக்கி ஓரமாக வைத்தார்.

"புண் இல்ல, கட்டி இல்ல, புழு இல்ல. உங்க குடல் ரொம்ப ரோஷக்காரக் குடல், அவ்வளவுதான். எது உள்ள போனாலும் சண்டைக்கு வருது."

"மருந்து?"

"வலிக்கு இருக்கு. அடியோட குணமாக்க இல்ல. எது ஒத்துக்குது, எது ஒத்துக்கலன்னு எழுதி வைங்க. கொழுப்பு, வெங்காயம், பால், புளிச்ச குதிரைப்பால் இதையெல்லாம் நிறுத்திப் பாருங்க. நேரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க. பதற்றப்படாதீங்க."

"நான் பதற்றப்படற ஆளே இல்ல, டாக்டர்."

"உங்க குடல் படுதே."

எழுதி வைக்கச் சொன்னால் சபர்காலி எழுதுவார். கட்டம் போட்ட நோட்டு ஒன்றில் நாள், நேரம், உணவு, அளவு, வயிற்றுச் சுற்றளவு என்று வரிசைப்படுத்தினார். ஒத்துக்கொள்ளாததை அடித்தார். வெங்காயம் போயிற்று. பால் போயிற்று. ரொட்டி போயிற்று. சந்தேகத்தின் பேரில் முட்டைக்கோசும் ஆப்பிளும் பருப்பும் போயின. ஒருநாள் தேநீர் குடித்த பிறகு வலித்ததால் தேநீரையும் அடித்தார். ஈராண்டில் எழுபத்தொன்பது கிலோ மனிதர் ஐம்பத்தெட்டானார். வயிறு மட்டும் மாலைதோறும் தொண்ணூற்று நான்கிலேயே நின்றது.

லிதியா கார்லொவ்னா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சபர்காலி, உங்கள வெங்காயத்த நிறுத்தச் சொன்னேன். சாப்பாட்டையே நிறுத்தச் சொன்னேனா?"

"சாப்பிடாத அன்னைக்குத்தான் வலி இல்ல."

"செத்துப்போனா சுத்தமா வலிக்காது. அரிசி சாப்பிடுங்க. உருளைக்கிழங்கு, கேரட், முட்டை, கொழுப்பு எடுத்த கறி, வேகவெச்சு. வாரத்துக்கு ஒரு தடவ எடை பாருங்க. மொதல்ல அறுபதுக்கு ஏறுங்க. மறுபடி அதுக்குக் கீழ போனீங்கன்னா இங்கயே படுக்கப் போட்டுடுவேன்."

அன்று முதல் திங்கள்தோறும் காலை ஏழு மணிக்குக் கிடங்கின் மூட்டைத் தராசில் ஏறி நின்று எடை பார்த்தார். கோட்டு, காலணி, சாவிக்கொத்து ஆகியவற்றின் எடையை முன்பே தனியாக நிறுத்து வைத்திருந்தார். அவற்றைக் கழித்து மீதியை எழுதுவார். அறுபத்து மூன்றுக்கு வந்து சேர நான்கு ஆண்டுகள் பிடித்தன. அதற்குமேல் ஏறவில்லை.

வீட்டில் இந்த ஒழுங்கு நடந்தது. வெளியில் நடக்கவில்லை. கராசோரில் ஒரு வீட்டின் வாசலைத் தாண்டியவர் எதையாவது வாயில் போடாமல் திரும்ப முடியாது. வந்தவருக்குக் குதிரைக்கொழுப்பும் மாவுத் தகடும் குவித்த தட்டு வரும். உண்ணாவிட்டால் வீட்டுக்காரர் முகம் சுருங்கும். எனவே சபர்காலி காரணங்களைச் சேமிக்கத் தொடங்கினார். இப்போதுதான் சாப்பிட்டேன். பல் வலி. வண்டியைப் பிடிக்க வேண்டும். மேலாளர் காத்திருக்கிறார். பல் வலியை ஒரே வீட்டில் இருமுறை சொல்லிவிடாமலிருக்க அதையும் நோட்டின் பின்பக்கத்தில் குறித்துவைத்தார்.

ஊர் இரண்டு வகையாகப் பேசிற்று. வயிற்றைப் பார்த்தவர்கள், "வெளிய தொடறதில்ல, வீட்டுல கதவச் சாத்திக்கிட்டு வெளுத்துக் கட்டுறாரு" என்றார்கள். முகத்தைப் பார்த்தவர்கள், "போற காலம்" என்றார்கள். எடைமேடையில் வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் மாலையில் அவர் எழுந்து நிற்பதைக் கண்டால் கூவுவார்கள்:

"சபெகே, எத்தனாவது மாசம்?"

"வயித்தப் பாத்தா ரெட்டப் புள்ள மாதிரி இருக்கேய்யா! பேரு வெச்சாச்சா?"

அவரும் சிரித்து, "மொத வண்டிய ஏத்து, அப்புறம் தொட்டில் வாங்கித் தரலாம்" என்பார். சிரிக்கும்போதும் வலித்தது.

2007இல் மென்சுலுவைப் பெண்கேட்டு ஒரு குடும்பம் வந்தது. தேநீர் குடித்தார்கள், பெண்ணைப் புகழ்ந்தார்கள், போனார்கள், திரும்பவில்லை. காரணத்தை ரொட்டிக்கடை வரிசையில் குல்ஜமால் கேட்டுக்கொண்டு வந்தாள். பெண்ணின் தந்தையை ஏதோ உள்ளே இருந்து உருக்குகிறதாம். ரத்தத்தில் இருக்கும் நோய் மகளுக்கும், மகளின் பிள்ளைக்கும் வருமாம்.

ஏழு தலைமுறை விசாரித்துப் பெண் எடுக்கும் மக்களிடையே இதைவிடக் கனமான பேச்சு வேறில்லை. குல்ஜமால் அன்று ரொட்டிப் பையை மேசைமேல் வைத்த கையோடு சொன்னாள்:

"இனிமே உங்க வயித்தப் பத்தி இந்த வீட்டு வாசலுக்கு வெளிய ஒரு வார்த்த போகக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"ரத்தத்துல வர்ற நோய் இல்லன்னு டாக்டரே சொன்னாங்க, குல்ஜமால்."

"டாக்டர் வந்து ரொட்டிக்கடையில நின்னு சொல்லுவாங்களா?"

அவர் சத்தியம் செய்தார்.

மென்சுலு அப்போது கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருந்தாள். அதிகம் பேசாத, கை சுத்தமான பெண். கல்லூரியில் உடன் படித்த நுர்தாய் என்பவனை அவளுக்கும், அவளை அவனுக்கும் மூன்றாண்டாகப் பிடித்திருந்தது. நுர்தாயின் தந்தை எஸிம்கான் எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் குதிரை வளர்ப்பவர். சொல்லில் கறாரானவர் என்று பெயர். 2009 இலையுதிர் காலத்தில் அவரிடமிருந்து தகவல் வந்தது: நவம்பர் இருபத்தொன்று, சனிக்கிழமை, பெண்ணுக்கு நிச்சயத் தோடு போட வருகிறோம். மென்சுலுவுக்கு இருபத்து நான்கு முடிந்திருந்தது. இதுவும் போனால் ஊரார் மூன்றாவது குடும்பத்தை வாசலுக்கே வரவிட மாட்டார்கள் என்பது மூவருக்கும் தெரியும். அதனால் மூவரும் அதைப் பேசவில்லை.

தோடு போடும் நாளில் வால்-ஈரல் உண்ண வேண்டும். ஆட்டின் வால்கொழுப்பையும் ஈரலையும் வேகவைத்து, மெல்லிய துண்டுகளாக அரிந்து, மேலே புளித்த பாலை ஊற்றி, ஒரே கிண்ணத்தில் வைப்பார்கள். இருதரப்புப் பெற்றோரும் அதிலிருந்து உண்பார்கள். உண்டபின் எந்தத் தரப்பும் பின்வாங்குவதில்லை. உண்ணாதவர் சம்மதிக்காதவர்.

கொழுப்பு, அதன்மேல் பால். சபர்காலியின் நோட்டில் இரண்டும் இரட்டைக் கோடிட்டு அடிக்கப்பட்டவை.

அவர் கணக்கிட்டார். ஒரு துண்டு விழுங்கினால் நாற்பது நிமிடத்தில் வலி. விருந்தினர் ஐந்து மணி நேரம் இருப்பார்கள். உறைபனியில் முற்றத்தின் கடைசியில் இருக்கும் கழிப்பறைக்குக் குறைந்தது ஏழு முறை ஓட வேண்டும். எல்லாரும் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரொட்டிக்கடைப் பேச்சு அதன்பின் எழுபது கிலோமீட்டரை ஒரே நாளில் கடந்துவிடும். எனவே விழுங்கக் கூடாது. உண்ணவும் வேண்டும்.

"வாயில வாங்கிக்கங்க. அப்புறம் ஏதாச்சும் சாக்குச் சொல்லி வெளிய போயிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் குல்ஜமால். இரண்டு நாள் அரிசிக் கஞ்சி மட்டும் கொடுத்தாள். விருந்தன்று காலை, மெலிவு தெரியாதிருக்கக் கோட்டுக்குள் இரண்டு கம்பளிச் சட்டைகளை அணிவித்தாள். கண்ணாடியில் பார்த்தபோது எழுபத்தொன்பது கிலோவில் இருந்த மனிதர் நின்றார்.

விருந்து நன்றாகவே தொடங்கியது. எஸிம்கான், அவர் மனைவி ரபிகா, தம்பி கொய்ஷிபாய், இன்னும் எட்டுப் பேர். சபர்காலி எல்லாருக்கும் தாமே கறி அரிந்து வைத்தார். பிறர் தட்டை நிரப்புகிறவரின் தட்டை யாரும் பார்ப்பதில்லை. எஸிம்கான் குதிரைகளைப் பற்றிப் பேசினார். சபர்காலி கோதுமையைப் பற்றிப் பேசினார். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துவிட்டது தெரிந்தது.

"உங்க எடைச் சீட்ட எங்க ஊர்லயும் மதிக்கிறாங்க, சம்பந்தி. கோதுமை கொண்டாந்து போட்டவங்க சொல்லுவாங்க, அந்த மனுசன் பொய் எழுத மாட்டாருன்னு."

"எழுதுறது நான் இல்ல, தராசு" என்றார் சபர்காலி. எல்லாரும் சிரித்தார்கள்.

ரபிகா மென்சுலுவின் காதில் வெள்ளித் தோடுகளைப் போட்டாள். பிறகு கிண்ணம் வந்தது. பெண்வீட்டுத் தந்தைக்கு மாப்பிள்ளையின் தாய் கையால் ஊட்ட வேண்டும். மிச்சத்தைக் கன்னத்தில் பூசிக் கேலி செய்யவும் அவளுக்கு உரிமை உண்டு.

"வாயத் தொறங்க சம்பந்தி! இன்னும் பெருசா! பொண்ணக் குடுக்குற வாய் இவ்வளவு சின்னதாவா இருக்கும்?"

கொழுப்பும் ஈரலும் புளித்த பாலுமாக ஒரு பிடி அவர் வாய்க்குள் போயிற்று. விரல்களில் ஒட்டியிருந்ததை ரபிகா அவருடைய இரு கன்னங்களிலும் தடவினாள். பெண்கள் பாட்டெடுத்தார்கள். சபர்காலி கன்னத்துக்குள் அதை ஒதுக்கிக்கொண்டு, தலையை ஆட்டி, தேநீர் கொதிக்கும் சமோவாரைச் சுட்டிக் காட்டினார். கரி போட வேண்டும் என்பது பொருள். முற்றத்துக்கு வந்து, விறகுக் கொட்டகையின் பின்புறம் போய்த் துப்பினார். பின்னாலேயே வந்த அவருடைய நாய் மொய்னாக் அதைப் பனியோடு சேர்த்து நக்கித் தின்றது.

நிமிர்ந்தபோது ஐந்தடி தூரத்தில் கொய்ஷிபாய் புகைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன சம்பந்தி," என்றார் அவர், "பொண்ணு எங்க வீட்டுக்கு வருதா, நாய் வருதா?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். காரணம் என்னவென்று அறியக் காத்திருந்தார். சபர்காலிக்கு அந்த நேரத்தில் பன்னிரண்டு ஆண்டுச் சேமிப்பில் ஒரு காரணமும் அகப்படவில்லை.

"ரொம்பச் சூடா இருந்துச்சு" என்றார்.

வால்-ஈரல் ஆறிய பின்புதான் பரிமாறப்படும். கொய்ஷிபாய் சிகரெட்டைப் பனியில் போட்டு மிதித்துவிட்டு உள்ளே போனார்.

சபர்காலி கரிவாளியோடு உள்ளே வந்தபோது பாட்டு நின்றிருந்தது. எஸிம்கான் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி ஏதோ சொல்றான். நான் நம்பல. எங்க எல்லாரு முன்னாடியும் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிடுங்க, சம்பந்தி. அவனத் திட்டி ஒக்கார வெச்சுட்டு மேல பேசுவோம்."

நாற்பது நிமிடம், ஏழு முறை, சன்னல். சபர்காலியின் கை மடிமீதே இருந்தது. ஏற்றிய லாரி ஒன்று மேடைமேல் ஏறி, முள் ஆடி நிற்கும் அளவு நேரம் கடந்தது. எஸிம்கான் கிளம்புவதற்காகத் தொப்பியை எடுத்தார்.

"எனக்கு ஒடம்பு சரியில்ல" என்றார் சபர்காலி. "குடல்ல கோளாறு. பன்னெண்டு வருஷமா இருக்கு. கொழுப்பு ஆகாது. தொத்து நோய் இல்ல, ரத்தத்துல வர்றது இல்ல. டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு இருக்கு, காட்டுறேன்."

குல்ஜமால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எஸிம்கான் தொப்பியை மடியில் வைத்தார். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"எனக்குப் பித்தப்பையே கெடையாது, சபெகே. எடுத்து ஆறு வருஷம் ஆச்சு. ரபிகா எனக்குத் தனியா அரிசி வேக வெப்பா. இன்னைக்கு நான் என்ன செஞ்சேன்னு பாத்தீங்களா? ஒதட்டுல தொட்டு வெச்சேன். எல்லாரும் பாத்தாங்க. ஒருத்தராவது ஏதாச்சும் கேட்டாங்களா? ஒதட்டுல பட்டா போதும்யா. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்களுக்கும் நானே தொட்டு வெச்சிருப்பேன்."

"சம்பந்தி..."

"நோவு யாருக்கும் வரும். அதுக்காக நான் பொண்ண வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா என் பெஞ்சாதி கையால ஊட்டினது நாய் வாயிலயில்ல போச்சு! பொய் எழுதாத மனுசன்னு நம்பி வந்தேன். இதத் தாண்டி எங்க சனத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

ரபிகா தயங்கி நின்றாள். காதில் போட்டதைக் கேட்டு வாங்குவது வழக்கமில்லை. மென்சுலு தானே தோடுகளைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். கார்கள் கிளம்பும் ஓசை கேட்டது. சபர்காலியின் கன்னத்தில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்ததை அதன் பின்புதான் குல்ஜமால் கண்டாள்.

"தொடைங்க அத" என்றாள். அவளும் துடைத்துவிடவில்லை.

மறுநாள் காலை மென்சுலு வழக்கம்போல் தந்தைக்கு அரிசி வேகவைத்தாள். அவள் திட்டியிருந்தால் அவர் தலைகுனிந்து நின்றிருப்பார். அதற்கு அவர் ஆயத்தமாகவே இருந்தார். நுர்தாய் இரண்டு வாரம்வரை நாள்தோறும் தொலைபேசியில் அழைத்தான். பிறகு வாரம் ஒருமுறை. புத்தாண்டுக்குப் பின் அழைக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அரிசியும் ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டில் புதிதாக அடிப்பதற்கு உணவு ஏதும் மீதமில்லை. வயிற்றுச் சுற்றளவு காலையிலேயே தொண்ணூறு. எடை திங்கள்தோறும் இறங்கி ஐம்பத்தேழில் நின்றது. அறுபதுக்குக் கீழே போனால் படுக்கப் போடுவேன் என்ற லிதியா கார்லொவ்னா அதற்குள் பிள்ளைகளோடு ஜெர்மனிக்குப் போய்விட்டிருந்தார்.

சனவரியில் ஒரு நாள் மென்சுலு கழுவிய தட்டைத் துடைத்தபடி சன்னலோரம் நிற்பதைப் பார்த்தார். தட்டு எப்போதோ உலர்ந்திருந்தது. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். அன்று மாலை சபர்காலி ஒரு முடிவுக்கு வந்தார். விழுங்காததுதானே குற்றம், போய் விழுங்கிவிடுவது. எது கழிந்ததோ அதைச் சேர்த்துவிட்டால் எண் சரியாகிவிடும். எடைமேடைக்காரர் அப்படித்தான் எண்ணுவார்.

ஞாயிறன்று காலை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். முந்தின நாள் முழுதும் வெந்நீர் மட்டுமே குடித்திருந்தார். வலி மாத்திரை இரண்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து எஸிம்கானின் வீடுவரை மூன்று கிலோமீட்டர் பனியில் நடந்தார்.

கதவைத் திறந்த ரபிகா திகைத்து, வாசலில் நிறுத்தி வைக்கும் வழக்கமில்லாததால் உள்ளே அழைத்தாள். கூடத்தில் விருந்து விரிப்பு இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது. எஸிம்கான் அதனருகே தனியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு கிண்ணம். அதில் மெல்லியதாக அரிந்த வால்கொழுப்பும் ஈரலும். ஓரத்தில் பால் காய்ந்திருந்தது.

அதைக் கண்டதும் சபர்காலிக்குத் தோன்றியது இதுதான்: இவர்கள் என்னை எதிர்பார்த்திருக்கிறார்கள். நான் வருவேன் என்று இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

வணக்கம் சொன்னார். கோட்டைக் கழற்றாமலே விரிப்பின் முன் மண்டியிட்டார். கிண்ணத்துக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார், விழுங்கினார். இன்னொன்று.

"சபெகே, இருங்க, அது..." என்றாள் ரபிகா.

மூன்றாவதையும் விழுங்கினார். வாயைத் திறந்து காட்டினார், மாத்திரை விழுங்கியதைச் செவிலியிடம் காட்டும் நோயாளியைப்போல.

"எண்ணிக்கங்க, சம்பந்தி. மூணு. கொட்டகைக்குப் போகல, எங்கயும் போகல. இங்கயே ஒக்காந்திருக்கேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஒக்காந்திருக்கேன்."

எஸிம்கான் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர் பேசத் தொடங்குமுன் ரபிகா சமையற்கட்டுக்குள் போய்விட்டாள்.

"அது உங்களுக்கு வெச்சதில்ல, சபெகே."

"தெரியும், நான் சொல்லாமக் கொள்ளாம வந்துட்டேன், ஆனா..."

"நேத்துப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க. நுர்தாய்க்கு வேற எடத்துல முடிவாயிடுச்சு. அவங்க சாப்பிட்ட மிச்சம் அது."

சபர்காலி கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு தம் விரல்களைப் பார்த்தார்.

"அப்ப... நேத்தே..."

"நேத்தே."

வெளியே குதிரைகள் பனியை உதைக்கும் ஓசை கேட்டது. நாற்பது நிமிடம் பிடிக்கவில்லை. பட்டினி கிடந்த குடலுக்குப் பதினைந்தே நிமிடம் போதுமாக இருந்தது. ரபிகா வெந்நீர் கொண்டுவந்தாள். அதைக் குடிக்க அவரால் நிமிர முடியவில்லை. முற்றத்தைக் கடந்து கழிப்பறைக்கு அவரைத் தாங்கிக் கொண்டுபோனவர் கொய்ஷிபாய். அவர் அன்று கேலி ஒன்றும் சொல்லவில்லை. "மெல்ல, அண்ணா, படி வழுக்கும்" என்று மட்டும் சொன்னார்.

எஸிம்கானே தம் காரில் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார். எழுபது கிலோமீட்டரில் ஐந்து இடங்களில் காரை நிறுத்த வேண்டியிருந்தது. மரமோ புதரோ இல்லாத வெண்பரப்பு. ஒவ்வொரு முறையும் எஸிம்கான் தாமும் இறங்கி, சாலையின் மறுபக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவது முறை சபர்காலியால் தானாக எழ முடியவில்லை. எஸிம்கான் திரும்பி வந்து தூக்கினார்.

"எவ்வளவு எடைதான் இருக்கீங்க நீங்க?" என்றார். "குட்டிக் குதிர இதவிடக் கனக்கும்."

"அம்பத்தேழு."

"கோட்டோடவா?"

"கோட்டக் கழிச்சு."



வாசலில் மென்சுலு நின்றாள். தந்தையின் கோட்டையும் கால்சட்டையையும் அவற்றின் நிலையையும் பார்த்தாள். பிறகு எஸிம்கானைப் பார்த்தாள்.

"எங்க போயிருந்தாரு?"

"விருந்துக்கு வந்திருந்தாரு" என்றார் எஸிம்கான். உடனே காரில் ஏறிக்கொண்டார்.

மார்ச் மாதம் மென்சுலு கரகாந்தா நகரத்தில் ஒரு பால்பண்ணைச் சோதனைக்கூடத்துக்கு வேலைக்குப் போனாள். அங்கேயே தங்கிவிட்டாள், தனியாகவே இருந்தாள். ஞாயிறுதோறும் அழைப்பாள். "எத்தன கிலோ, அப்பா?" என்பாள். அவர் எண்ணைச் சொல்வார். சில வாரங்களில் இரண்டு கிலோ கூட்டிச் சொன்னார். அவர் தொலைபேசியில் சொல்லக் கேட்டவற்றை, நோட்டில் அவர் கையெழுத்தில் இருக்கும் எண்களோடு குல்ஜமால் பின்னாளில் ஒப்பிட்டுப் பார்த்தாள். அவர் மகளிடம் கூட்டிச் சொன்ன வாரங்களின் ஓரத்தில் சிறு புள்ளி வைத்திருந்தார். எது பொய் என்பதையும் பிழையின்றிக் குறித்தே வந்தார்.

2017இல் ஓய்வுபெற்றார். கிடங்கின் மூட்டைத் தராசு பழையதாகிக் கழிக்கப்பட்டபோது அதைக் கேட்டு வாங்கி வீட்டுக் கொட்டகையில் வைத்துக்கொண்டார். திருமணங்களுக்கும் தொட்டில் விழாக்களுக்கும் குல்ஜமால் மட்டும் போனாள். முதல் சில ஆண்டுகள் அவரையும் அழைத்தார்கள். பல் வலி என்றும் பிரயாணம் என்றும் அவர் இப்போது சொல்லவில்லை. "வரல" என்று மட்டும் சொன்னார். பிறகு அழைப்பிதழ்களில் குல்ஜமாலின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது.

பிறர் வீட்டு விரிப்பில் அமர்ந்து அவர் கடைசியாக உண்டது 2010 சனவரி 24, ஞாயிற்றுக்கிழமை.